ஊற்று, சதுப்பு, கிணறு: ஒரே வரைபடத்தில் மூன்று செய்திகளைக் குறியீடுகளால் காட்டுவது எப்படி?

கோத்தகிரி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டத்தின் சில ஹட்டிகளை (படகர் ஊர்களை) சேர்ந்த நாங்கள், எங்கள் ஊர்களுக்குத் தண்ணீர் தரும் ஊற்றுகளையும் சதுப்புகளையும் கிணறுகளையும் கைபேசி ஜிபிஎஸ் கொண்டு குறித்து, கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஒரு வரைபடமாகத் தொகுத்து வருகிறோம். ஊர்ப் பொதுக்கூடத்தின் சுவரில் மாட்டும்படி ஏ2 தாளில், 1:50,000 அளவையில் அச்சிட வேண்டும் என்பது திட்டம்.

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று செய்திகள் எங்களிடம் உள்ளன. முதலாவது அதன் வகை. இரண்டாவது அதன் நிலை, அதாவது ஆண்டு முழுவதும் நீர் உள்ளதா, மழைக்காலத்தில் மட்டும் உள்ளதா, வற்றிவிட்டதா என்பது. மூன்றாவது, மார்ச் மாதத்தில் வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து அளந்த நீர்வரத்து, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில். இப்போது வகையும் நிலையும் சேரும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் மென்பொருளில் தனி அடுக்கு (லேயர்) வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறோம். திரையில் பார்க்கும்போது வண்ணப்பொடி தூவியது போல இருக்கிறதே தவிர, எந்த ஊரில் எது வற்றியது என்று ஊர்ப் பெரியவர்கள் யாராலும் சொல்ல முடியவில்லை. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்தால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஊருக்கு அருகில் நாலைந்து ஊற்றுகள் நெருங்கி இருக்கும் இடங்களில் குறியீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இது போதாதென்று, நாங்கள் வரைந்து சேர்த்த எஸ்விஜி (ஒரு வகைப் படக்கோப்பு) குறியீடுகள் மற்றவர்களின் கணினியில் திறக்கும்போது வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.

மூன்று செய்திகளையும் ஒரே குறியீட்டில், படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி காட்டுவதற்கு வழி உண்டா?

பழைய வரைவாளர், உதகை, எழுதியது:

வணக்கம் அம்மா. நல்ல வேலையை எடுத்திருக்கிறீர்கள். கையால் வரைபடம் வரைந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், மென்பொருளைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். சுவரில் மாட்டிய அந்தத் தாளின் முன் வந்து நிற்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்தால், அது வற்றிய ஊற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் மற்ற அனைத்தும் அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

நிறம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வேறு வேலைகளைச் செய்யச் சொன்னதால்தான் குழப்பம் வந்திருக்கிறது. கண்ணுக்கு வடிவம் ஒரு செய்தி, பருமன் ஒரு செய்தி, நிறத்தின் அடர்த்தி இன்னொரு செய்தி. பிரெஞ்சு வரைபடவியலாளர் ழாக் பெர்த்தென் 1967இல் இவற்றை ஒழுங்காக வகுத்து எழுதினார். இன்றைய மென்பொருள்களின் குறியீட்டுப் பக்கங்களில் நாம் காணும் பிரிவுகளும் ஏறத்தாழ அவையே. வகை என்பது ஒன்றுக்கொன்று வேறானது, அதில் ஏற்றத்தாழ்வு கிடையாது. எனவே அதற்கு வடிவம் பொருந்தும்: ஊற்றுக்கு வட்டம், சதுப்புக்குக் கிடைமட்ட நீள்வட்டம், கிணற்றுக்குச் சதுரம். நிலை என்பது படிப்படியாகக் குறைந்து செல்வது. எனவே அதற்கு அடர்த்தி பொருந்தும்: ஆண்டு முழுவதும் நீர் உள்ளதற்கு அடர்நீலம், மழைக்காலத்தில் மட்டும் உள்ளதற்கு வெளிர்நீலம், வற்றியதற்கு உள்ளே வெள்ளை, சுற்றிலும் தடித்த கரும்கோடு. ஜெராக்ஸ் எடுத்தாலும் இவை கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று பிரிந்தே நிற்கும். நீர்வரத்து எண்ணிக்கையாக இருப்பதால் அதற்குப் பருமன் பொருந்தும்.

அடுக்குகளை எல்லாம் கலைத்துவிட்டு, ஒரே அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கின் பண்புகளில் 'சிம்பாலஜி' பக்கத்துக்குச் சென்று, 'ரூல்-பேஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் விதியாக "வகை" = 'ஊற்று' என்று எழுதி, அதன் கீழே கிளை விதிகளாக "நிலை" = 'வற்றாதது', "நிலை" = 'பருவம்', "நிலை" = 'வற்றியது' என்று மூன்றையும் எழுதுங்கள். சதுப்புக்கும் கிணற்றுக்கும் அதே கிளைகளைப் பிரதி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். தாய் விதிக்குக் குறியீடு எதுவும் வேண்டாம். அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே புள்ளியில் இரண்டு குறியீடுகள் விழும்.

பருமனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குறியீட்டின் அளவுக்குப் பக்கத்தில் உள்ள 'டேட்டா டிஃபைன்டு' பொத்தானை அழுத்தி 'அசிஸ்டென்ட்' என்பதைத் திறந்தால், நீர்வரத்துப் புலத்தை (தரவு அட்டவணையில் நீர்வரத்து உள்ள பத்தியை) கொடுத்து, எந்த அளவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அமைக்கலாம். வட்டத்தின் விட்டத்தை நேராக நீர்வரத்தின் விகிதத்தில் வைத்தால், நான்கு மடங்கு நீருக்குப் பதினாறு மடங்கு பரப்பு வந்துவிடும். பரப்பு சரியாக இருக்க வேண்டுமானால் விட்டம் "வரத்து" ^ 0.5 என்ற விகிதத்தில் வளர வேண்டும். அதிலும் மனிதக் கண் பெரிய வட்டங்களின் பரப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிளானரி கண்டறிந்ததால், 0.5க்குப் பதில் 0.57 என்ற அடுக்கெண்ணைப் பயன்படுத்தும் முறை அவர் பெயரிலேயே அசிஸ்டென்ட்டின் பட்டியலில் இருக்கிறது. சுவர் வரைபடத்துக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வற்றிய ஊற்றின் நீர்வரத்து பூச்சியம். பருமனை வரத்தோடு கட்டிவிட்டால், வற்றிய ஊற்றுகள்தான் தாளில் மிகச் சிறியவையாக, ஏறக்குறைய இல்லாதவையாக ஆகும். ஊர் முதலில் பார்க்க வேண்டியதை வரைபடம் ஒளித்துவிடும். எனவே "நிலை" = 'வற்றியது' என்ற விதிகளில் மட்டும் இந்த இணைப்பை எடுத்துவிட்டு, நிலையாக 4 மில்லிமீட்டர் வைத்து, வட்டத்தின் மேல் ஒரு குறுக்குக்கோட்டையும் சேருங்கள். கிணறுகளில் வரத்தை அளந்திருக்க மாட்டீர்கள், அங்கே புலம் காலியாக இருக்கும். அசிஸ்டென்ட்டிலேயே காலியான மதிப்புக்கு என்ன அளவு என்று கேட்கும் இடம் உள்ளது, அங்கே 2.5 என்று கொடுத்துவிடுங்கள்.

அளவுகள் அனைத்தையும் மில்லிமீட்டரில் வையுங்கள். திரையில் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காமல், அளவையை 1:50,000 என்று பூட்டிவிடுங்கள். அதன் பிறகு ஊரின் ஒரு மூலையை மட்டும் ஏ4 தாளில் அதே அளவையில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். திரை காட்டாத குறைகளை அந்தத் தாள் காட்டும்.

கொடைக்கானலிலிருந்து ஒருவர் எழுதியது:

ஐயா சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். பழனி மலைப் பகுதியில் இதே போன்ற வேலையை நானும் செய்கிறேன்.

எஸ்விஜி கேள்விக்குறியாவதற்குக் காரணம், திட்டக் கோப்பு அந்தப் படத்தின் இருப்பிடத்தை மட்டுமே நினைவில் வைத்திருப்பதுதான். மற்றவரின் கணினியில் அந்த இருப்பிடம் இல்லாததால் கேள்விக்குறி தோன்றுகிறது. குறியீட்டில் கோப்பின் பெயர் காட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைத் திறந்து 'எம்பெட் ஃபைல்' என்று கொடுத்தால், படம் திட்டத்துக்குள்ளேயே பதிந்துவிடும். அடுத்து, நீங்கள் வரைந்த எஸ்விஜியின் நிறத்தைக் கியூஜிஐஎஸ்-இல் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், எஸ்விஜி கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்து, நிறம் எழுதப்பட்டுள்ள இடத்தில் நிரப்பு நிறத்துக்கான மாறியை வைக்க வேண்டும். மென்பொருளுடன் வரும் எஸ்விஜிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தால் அந்த மாறி எப்படி எழுதப்படுகிறது என்பது தெரியும். இதைச் செய்தால், ஒரே படத்தை அடர்நீலம், வெளிர்நீலம், வெள்ளை என்று மூன்று விதிகளிலும் பயன்படுத்தலாம்.

நெருக்கத்துக்கு 'பாயிண்ட் டிஸ்பிளேஸ்மென்ட்' என்ற முறையைப் பயன்படுத்திப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் தொலைவுக்குள் நெருங்கி இருக்கும் புள்ளிகளை அது ஒரு மையத்தைச் சுற்றி வளையமாகப் பிரித்து வைக்கும். உள்ளே ஐயா சொன்ன விதிகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கூடலூர் நண்பர் எழுதியது:

எஸ்விஜி பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் மலையில் பாயிண்ட் டிஸ்பிளேஸ்மென்ட் வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது வெறும் அழகு சார்ந்த கேள்வி அல்ல.

1:50,000 அளவையில் தாளின் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். ஒரு குறியீட்டை 3 மில்லிமீட்டர் நகர்த்தினால் அதைத் தரையில் 150 மீட்டர் நகர்த்தியதாகப் பொருள். சமவெளியில் 150 மீட்டர் தள்ளிய கிணறு அதே வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோத்தகிரியின் சரிவுகளில் 150 மீட்டர் என்பது மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குச் சென்றுவிடலாம். ஓர் ஊரின் ஊற்று வரைபடத்தில் இன்னோர் ஊரின் நீர்ப்பிடிப்புக்குள் விழும். இந்த ஊற்று யாருடையது என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கும் இடங்களில் இந்தப் பிழை சுவரில் மாட்டப்பட்டால், அதற்குப் பிறகு அந்த வரைபடத்தை யாரும் நம்ப மாட்டார்கள். கைபேசி ஜிபிஎஸ் 10 மீட்டர் தவறினாலும் இந்த அளவையில் அது 0.2 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. தரையில் வராத பிழையை நாமே குறியீட்டால் கொண்டுவரக் கூடாது.

இதற்குப் பதிலாக இரண்டு வழிகள் உண்டு. நெருக்கமான இடங்களில் உண்மையான இடத்தில் 1 மில்லிமீட்டர் கரும்புள்ளியை மட்டும் வைத்து, ஊற்றின் வரிசை எண்ணை லேபிளாகக் கொடுங்கள். லேபிளின் பின்னணியாக 'மார்க்கர் சிம்பல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த வட்டமோ சதுரமோ எண்ணைச் சுமந்து நிற்கும். பிறகு லேபிளைக் கையால் வெற்றிடத்துக்கு நகர்த்தி, 'கால்-அவுட்' என்பதை இயக்கினால், குறியீட்டிலிருந்து கரும்புள்ளி வரை மெல்லிய கோடு ஒன்று தானாக வரும். பார்ப்பவர் கோட்டின் முனையில்தான் ஊற்று இருக்கிறது என்று உடனே புரிந்துகொள்வார். இரண்டாவது வழி, நெருக்கமான ஊர்களை மட்டும் 1:10,000 அளவையில் ஓரத்தில் உட்படமாக வைப்பது. அங்கே 3 மில்லிமீட்டர் என்பது 30 மீட்டர்தான், பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஏ2 தாள் 1:50,000இல் கிழக்கு மேற்காக 29.7 கிலோமீட்டரையும் வடக்குத் தெற்காக 21 கிலோமீட்டரையும் கொள்ளும் என்பதால், உங்கள் பகுதி போக ஓரத்தில் இடம் மிஞ்சும்.

இதே கணக்குதான் சாலைக்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் நான் 1.2 மில்லிமீட்டர் தடிப்பில், இருபுறமும் கரைக்கோடு வைத்து வரைந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தடிப்பு தரையில் 60 மீட்டர் ஆகிவிடுவதால், பல வளைவுகள் சேர்ந்து ஒரே கறையாகிவிடுகின்றன. உங்கள் மேட்டுப்பாளையம் சாலைக்கு 0.5 மில்லிமீட்டருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

குறிவிளக்கத்தில் இன்னொன்றையும் சேருங்கள். எங்கள் கூடலூருக்கு மழை பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. உங்களுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவம் முக்கியமானது. 'பருவம்' என்று மட்டும் எழுதினால் இரண்டு பக்கத்தாரும் வேறு வேறு மாதத்தை நினைப்பார்கள். 'மார்ச் மாதத்தில் நீர் இருந்தது', 'மார்ச் மாதத்தில் நீர் இல்லை' என்று அளந்த மாதத்தைக் குறித்தே எழுதுவது நல்லது.

பழைய வரைவாளர், உதகை, எழுதியது:

கூடலூர்த் தம்பி சொல்வதை ஏற்கிறேன். இடத்தை நகர்த்துவதாக இருந்தால், நகர்த்தியது தெரியும்படி கோடு போட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

பின்புலத்தைப் பற்றி ஒரு சொல். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போஷீட்டில் (நிலத்தோற்ற வரைபடத் தாளில்), கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் 58ஏ/15 தாளில் வருகிறது. அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் பழுப்பு நிறத்தில் இருக்கும். நீர் உள்ள ஓடை நீலம், வறண்ட ஓடை கறுப்பு, காடு பச்சை, சாகுபடி நிலம் மஞ்சள், சாலையும் குடியிருப்பும் சிவப்பு. பள்ளிக்கூடப் புவியியலில் இதைப் பார்த்தவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். நீங்களும் இந்த வழக்கத்தை விட்டு விலகாமல் இருந்தால் அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியிருக்காது. உங்கள் அடர்நீலமும் வெளிர்நீலமும் அதோடு ஒத்துப்போகின்றன.

கிழக்குச் சரிவு செங்குத்தானதால் 20 மீட்டர் கோடுகள் எல்லாம் சேர்ந்து பழுப்பு மெழுகாகிவிடும். அங்கேயும் விதிகளைப் பயன்படுத்துங்கள்: "உயரம்" % 100 = 0 என்று எழுதினால் நூறு மீட்டருக்கு ஒரு கோடு மட்டும் தனியே பிரியும். அதற்கு 0.25 மில்லிமீட்டரும், மற்றவற்றுக்கு 0.1 மில்லிமீட்டரும், இரண்டுக்கும் வெளிர்ந்த பழுப்பும் போதும். தேயிலைத் தோட்டம், சோலை, சீகைமரக் காடு ஆகிய மூன்றுக்கும் மூன்று பச்சை கொடுத்தால் பிரதி எடுக்கும்போது மூன்றும் ஒன்றாகும். சோலைக்கு மட்டும் நிரப்பு நிறம் கொடுத்து, தேயிலைக்கு மெல்லிய சாய்கோடுகளையும், சீகைமரத்துக்குச் சிறு புள்ளிகளையும் நிரப்பாக வையுங்கள். 'வியூ' பட்டியலில் உள்ள 'பிரிவியூ மோட்' கறுப்பு வெள்ளையிலும், நிறக்குறைபாடு உள்ளவர் கண்ணுக்குத் தெரிவது போலவும் திரையைக் காட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கோத்தகிரி வாசகி எழுதியது:

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் மிக்க நன்றி. வடிவம், அடர்த்தி, பருமன் என்று பிரித்ததும் வரைபடம் பேசத் தொடங்கிவிட்டது. குறுக்குக்கோடு போட்ட வெள்ளை வட்டங்கள் ஒரே ஓடையின் தலைப்பகுதியில் வரிசையாக நிற்பதை எங்கள் குழுவில் உள்ள ஒரு பாட்டி, குறிவிளக்கத்தைப் பார்க்காமலேயே விரல் வைத்துக் காட்டினார்.

இரண்டு கேள்விகள் மீதம் உள்ளன. 2009 நவம்பரில் மலை சரிந்த இடங்களையும் இதில் காட்ட வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். சிவப்பு முக்கோணமாக வைத்தால் கண் முழுவதும் அங்கேயே செல்கிறது. அடுத்து, தரவை ஷேப் கோப்பு என்ற வரைபடத் தரவு வடிவத்தில் சேமித்து அனுப்பினால், பெறுபவரின் கணினியில் 'நிலை' என்ற புலத்தின் பெயர் சிதைந்து, விதிகள் வேலை செய்வதில்லை. 'வகை' மட்டும் சரியாக வருகிறது. இது ஏன் என்று புரியவில்லை.

பழைய வரைவாளர், உதகை, எழுதியது:

சரிவுகளுக்கு இரண்டாவது தாள் போடுங்கள் அம்மா. அதே பின்புலம், அதே அளவை, ஊற்றுகள் சாம்பல் நிறத்தில் சிறிய புள்ளிகளாக. சரிவுகள் மட்டும் முன்னே நிற்கட்டும். ஒரே தாளில்தான் வேண்டும் என்று கட்டாயம் இருந்தால், முக்கோணத்தை விட்டுவிட்டு, சரிந்த பரப்பைப் பலகோணமாக வரைந்து, சாம்பல் நிறச் சாய்கோடுகளால் நிரப்பி, அடுக்குகளின் வரிசையில் ஊற்றுகளுக்குக் கீழே வையுங்கள். ஆபத்தைக் காட்டுவதற்குச் சிவப்பு வேண்டும் என்பார்கள். ஆனால் உங்கள் தாளில் சிவப்பு ஏற்கெனவே சாலைக்கும் ஊருக்கும் போய்விட்டது.

கூடலூர் நண்பர் எழுதியது:

புலப் பெயரின் சிக்கல் ஷேப் கோப்பின் பழைய வரம்பால் வருவது. அதன் பண்பு அட்டவணை டிபிஎஃப் வடிவம். அதில் புலத்தின் பெயருக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு செலவாகும். 'வகை' என்பதில் வ, க, ஐகாரக் குறி என மூன்று, ஆக ஒன்பது பைட்டு. அது உள்ளே அடங்கிவிடுகிறது. 'நிலை' என்பதில் ந, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என நான்கு, ஆக பன்னிரண்டு பைட்டு, அது வெட்டுப்படுகிறது. பெயர் மாறியதும் உங்கள் விதி தேடும் புலம் அங்கே இல்லை. புலத்துக்குள் இருக்கும் எழுத்துக்கும் 254 பைட்டு என்ற வரம்பு உண்டு, ஊற்றைப் பற்றி நீண்ட குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் பாதியில் அறுந்துவிடும்.

ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள். தமிழ்ப் பெயர்கள் முழுமையாக இருக்கும், எல்லா அடுக்குகளும் ஒரே கோப்பில் அடங்கும். சேமிக்கும்போது ஆள்கூற்று முறையாக டபிள்யூஜிஎஸ் 84, யுடிஎம் மண்டலம் 43 வடக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீலகிரி முழுவதும் மீட்டர் கணக்கில் அளக்கலாம். அதன் பிறகு 'சிம்பாலஜி' பக்கத்தின் கீழே உள்ள 'ஸ்டைல்' பொத்தானில், பாணியைத் தரவுத்தளத்துக்குள் சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, இயல்பான பாணி என்ற பெட்டியிலும் குறியிடுங்கள். எஸ்விஜிகளை எம்பெட் செய்துவிட்ட பிறகு இதைச் செய்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் அனுப்பினாலே போதும். பெறுபவர் கியூஜிஐஎஸ்-இல் அடுக்கைச் சேர்த்த உடனேயே விதிகளும் குறியீடுகளும் தாமாக வந்துவிடும். கையால் நகர்த்திய லேபிள்களின் இடங்கள் மட்டும் திட்டக் கோப்பில் தங்குவதால், அச்சிடப் போகிறவருக்கு அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.